கிரகப்பிரவேசத்தன்று அழகு, அடுத்த ஆடியில் எரிச்சல்: வீட்டு அலங்காரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது வீடு பார்க்க வருகிறவர்கள் "சூப்பரா இருக்கு" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். குறை தெரிவது ஒட்டடைக் கம்பு எடுப்பவருக்குத்தான். கீழே உள்ளவை தமிழ்நாட்டு ஃபிளாட்டுகளையும் தனி வீடுகளையும் மனதில் வைத்து எழுதியவை. வெக்கை, தூசி, போர் தண்ணீர், தாளிப்புப் புகை ஆகிய நான்கும் தினமும் புழங்கும் வீடுகள் அவை.

பிடிப்பதும் பிடிக்காததும் அவரவர் ரசனைதானே? இதில் பொதுவாகச் சொல்ல என்ன இருக்கிறது?

பாதி ரசனை. ஹாலுக்கு ஊதா அடிப்பது உங்கள் இஷ்டம், அதில் தலையிட யாருக்கும் வேலை இல்லை. மீதிப் பாதி வேறு மாதிரி. ஆசைப்பட்டுச் செய்தவர்களே ஒரு வருஷத்தில் "ஏன்தான் இதைச் செய்தோமோ" என்று புலம்புகிற சங்கதிகள் அவை. அவற்றைக் கணக்கெடுத்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் வரும்: தேர்வு செய்தது ஒருவர், துடைப்பது இன்னொருவர். துடைப்பவரைக் கேட்காமல் முடிவான எதுவும் அந்த வீட்டில் நீண்ட நாள் பிடித்ததாக இருப்பதில்லை. இந்தப் பக்கம் அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் அதிகம் பேசும். முதல் வகையிலும் சில இடங்களில் மூக்கை நுழைக்கும்.

ஃபால்ஸ் சீலிங் போட்ட பலரும் ஏன் வருத்தப்படுகிறார்கள்?

முதலில் உயரம். ஃபிளாட்டில் தரையிலிருந்து கான்கிரீட் தளம் வரை ஒன்பதரை அடி, மிஞ்சினால் பத்தடி இருக்கும். கம்பிச் சட்டம், ஜிப்சம் பலகை, ஓரத்தில் விளக்குப் பள்ளம் என்று எல்லாம் சேர்ந்து ஆறு முதல் எட்டு அங்குலத்தை விழுங்கிவிடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. அதாவது ஏறக்குறைய ஒன்பதடி. ஒன்பதரை அடி அறையில் எட்டு அங்குலம் இறக்கினால் அதற்கும் கீழே வந்துவிடுவீர்கள். கட்டில் மேல் நின்று கொசுவலை கட்டும்போது ஃபேன் தலைக்குப் பக்கத்தில் சுற்றும்.

ஃபேன் தனித் தலைவலி. இறக்கைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஓரடியாவது இடைவெளி இருந்தால்தான் அது காற்றை நன்றாக இழுத்துத் தள்ளும். உயரம் போதவில்லை என்று ஃபேன் கம்பியை வெட்டிக் குட்டையாக்கிவிட்டால், ஐந்தில் வைத்தாலும் மூன்றில் ஓடுவது போலத்தான் இருக்கும். ஃபேனின் கொக்கி கான்கிரீட்டில் இருக்க வேண்டும். ஜிப்சம் சட்டத்தில் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத தொல்லை இன்னொன்று உண்டு. இறக்கை சுற்றும் வட்டத்துக்கு மேலே ஸ்பாட் லைட் வைத்துவிடுவார்கள். ஃபேன் ஓடும்போது தரையிலும், படிக்கிற பேப்பரிலும் நிழல் வெட்டி வெட்டிப் போகும். தலைவலி உள்ளவர்களால் அந்த அறையில் உட்கார முடியாது. வீடுகளில் மாட்டும் 1200 மி.மீ. ஃபேனுக்கு, நடுவிலிருந்து மூன்றடியாவது தள்ளி விளக்கு வைத்தால் இந்தச் சிக்கல் வராது. மின்வேலை நடக்கும்போதே இதைச் சொல்ல வேண்டும். பலகையில் ஓட்டை போட்ட பிறகு சொல்லிப் பயன் இல்லை.

அப்புறம் மேல்வீட்டு பாத்ரூம். ஜிப்சத்துக்கும் தண்ணீருக்கும் ஆகாது. மேலே கசிவு இருந்தால் முதலில் டீ கறை போல ஒரு வட்டம் தெரியும், பிறகு பலகை ஊறித் தொங்கும். உள்ளே எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்க்கவே பலகையை உடைக்க வேண்டும். பாத்ரூம், பால்கனிக்குக் கீழே வரும் இடங்களில் கழற்றி மாட்டக்கூடிய கட்ட வகை போதும், அல்லது எதுவுமே வேண்டாம். விளக்குப் பள்ளத்தில் ஈசலும் தூசியும் சேர்வதை நான் சொல்லவே தேவையில்லை.

மொத்தமாகவே கூடாது என்பதல்ல. ஏசி குழாயையும், குறுக்கே ஓடும் பீமையும் மறைக்கச் சுவரோரம் ஓரடி அகலத்துக்கு ஒரு பட்டை இறக்குவது நல்ல வேலை. நடுப்பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள்.

எங்கள் ஹால் ராத்திரியில் கிளினிக் மாதிரி இருக்கிறது. பெயின்ட் மாற்ற வேண்டுமா?

பெயின்ட்டை விடுங்கள், பல்பைப் பாருங்கள். 6500 கெல்வின் என்று போட்டிருக்கும், அது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். டியூப் லைட் காலத்திலிருந்து அந்த நீல வெளிச்சத்துக்கே நாம் பழகிவிட்டோம். 3000 என்றால் இளமஞ்சள், ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பொருந்தும். காய் நறுக்கும் இடத்துக்கு 4000. ஒரே அறையில் நீலத்தையும் மஞ்சளையும் கலந்து போடுவதுதான் கண்ணை மிகவும் உறுத்தும். நிறம் மாறும் எல்இடி பட்டையைப் பற்றிக் கேட்டால், அது ஸ்வீட் கடைக்கு நன்றாக இருக்கும்.

பளபளக்கும் டைல்ஸ்தான் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதில் என்ன குறை?

வழுக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இடுப்பெலும்பு விஷயம். விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவான தண்ணீரைத்தான் உறிஞ்சும். அதனால்தான் கறை பிடிப்பதில்லை. அதே காரணத்தால் சிந்திய தண்ணீர் மேலேயே நிற்கும். பாலிஷ் செய்த மேற்பரப்பில், ஈரக்காலோடு, வெளிச்சம் பட்டுக் கண் கூசும்போது தண்ணீர் இருப்பதே தெரியாது.

வாங்கும்போது ஆர் எண் என்ன என்று கேளுங்கள். ஜெர்மன் தர அளவில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை உண்டு, எண் கூடக் கூட வழுக்கல் குறையும். பாத்ரூமுக்கும் வெளிப் படிக்கட்டுக்கும் ஆர் 11 கேட்பது நல்லது. கடைக்காரர் முழித்தால், டைல்ஸ் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். பாத்ரூமில் இரண்டடிக்கு நான்கடிப் பெரிய பலகையைவிட ஓரடிச் சதுரம் பிடிப்பாக இருக்கும். இணைப்புக் கோடுகள் அதிகம், வாட்டம் கொடுப்பதும் கொத்தனாருக்குச் சுலபம். பதிலுக்கு, சொரசொரப்பான டைல்ஸில் அழுக்கு சேரும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இரண்டில் எந்தத் தொல்லை வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஆத்தங்குடி கல் போடலாமா? அதையும் சிலர் குறை சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், பெரும்பாலும் தவறான இடத்தில் பதித்தவர்கள். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்வது அது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, நிறச் சாந்தை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவதில்லை. அதனால் தண்ணீரையும் கறையையும் கொஞ்சம் உள்ளே வாங்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட் பட்டால் மேல் நிறமே போய்விடும். ஹாலிலும் முற்றத்திலும் போட்டு, நடந்து, துடைத்துப் பழகினால் வருஷம் ஆக ஆக மெருகு ஏறும். "போட்ட அன்றே மின்ன வேண்டும், ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டும்" என்பவர்களுக்கு இது சரிவராது. சிவப்பு ஆக்சைடு தரைக்கும் இதே பதில். அதில் கூடுதலாக, போடத் தெரிந்த கொத்தனார் கிடைக்க வேண்டும். கைவேலை சரியில்லாவிட்டால் முதல் கோடையிலேயே விரிசல் விடும்.

ஓப்பன் கிச்சன் வேண்டாம் என்று அம்மா அடம்பிடிக்கிறார். யார் சொல்வது சரி?

அம்மா. கடுகு வெடிக்காத சமையல் உள்ள நாட்டில் பிறந்த யோசனை அது. நம் வீட்டில் காலை ரசம் தாளிப்பு, ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வறுவல். எண்ணெய் ஆவி பறந்து போய் ஹால் திரைச்சீலையிலும் சோபாத் துணியிலும் உட்கார்ந்து, தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். சிம்னி இருக்கிறதே என்பீர்கள். குழாய் வழியாகப் புகையை வெளியே அனுப்பும் சிம்னி உதவும், குழாயில் வளைவுகள் கூடக் கூட இழுவை குறையும். குழாயே இல்லாமல் கரி வடிகட்டியோடு வருவது வாசனையை ஓரளவு பிடிக்கும், நீராவியையும் வெக்கையையும் வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது சிங்க்கில் குவிந்த பாத்திரம் தெரியக் கூடாது என்ற கவலையை ஓப்பன் கிச்சன் நாள் முழுக்கத் தரும். அந்தக் கவலை யார் தலையில் விழும் என்பது உங்களுக்கே தெரியும். நடுவே நகர்த்தும் கண்ணாடிக் கதவு ஒன்று வைத்தால் இரண்டு கட்சிக்கும் சமாதானம். வெளிச்சம் வரும், சமைக்கும்போது சாத்திக்கொள்ளலாம்.

கிச்சனில் வேறு எவையெல்லாம் வருத்தம் தரும்?

வெள்ளை மார்பிள் மேடை. மார்பிள் என்பது சுண்ணாம்புக் கல் உருமாறி உண்டானது. புளிக்கரைசலும் எலுமிச்சையும் பட்ட இடம் அரித்து மங்கும், மஞ்சள் உள்ளே இறங்கும். கறுப்பு கிரானைட்டைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறவர்கள், அது ஏன் இத்தனை வருஷமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். குவார்ட்ஸ் மேடை கறைக்குத் தாங்கும், ஆனால் கல்தூளைப் பிசினால் ஒட்டிச் செய்தது அது. குக்கரை அடுப்பிலிருந்து நேராக இறக்கி வைத்தால் தழும்பு விழலாம்.

கைப்பிடி இல்லாத பளபள அலமாரிக் கதவுகளில் விரல் ரேகை தெரியும், அதுவும் எண்ணெய் விரல். மேல் அலமாரிக்கும் தளத்துக்கும் நடுவே ஓரடி இடம் விட்டால் அங்கே பிசுக்குத் தூசி படியும். மேலே முட்டும் வரை கொண்டுபோய் பரணாக்கிக்கொள்ளுங்கள்.

சுவரில் ஓதம் இருக்கிறது. வால்பேப்பரோ பிவிசி பேனலோ போட்டு மறைக்கலாமா?

கூடாது. தரையிலிருந்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறுகிறது, காயும்போது உப்பைச் சுவர் மேல் விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் காணும் வெள்ளைப் பொடி அந்த உப்புதான். மேலே பிளாஸ்டிக்கை ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரமாக ஏறும். பேனலுக்குப் பின்னால் பூஞ்சையும் கரப்பானும் குடித்தனம் நடத்தும். மறைத்த நாளில் வீடு அழகாகவே இருக்கும், வாசனை மழைக்காலத்தில்தான் வரும். குழாய்க் கசிவா, வெளிச்சுவர் விரிசலா, அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லையா என்று முதலில் கண்டுபிடியுங்கள். புதுப் பூச்சு முழுதும் காயும் முன் அவசரமாகப் பெயின்ட் அடித்தாலும் இதே மாதிரிதான் கொப்புளிக்கும்.

டிவிக்குப் பின்னால் ஒட்டும் வரிவரியான பேனல்களை ஈரமில்லாத சுவரில் போடலாம். ஒவ்வொரு பள்ளத்திலும் தூசி தனித்தனியாகப் படியும், பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து வையுங்கள்.

வெளிச்சுவரில் கிளிப்பச்சையும் ஆரஞ்சும் அடிக்கிறார்களே, அதைத் தடுக்க வழி உண்டா?

பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் வழி இல்லை. உங்கள் வீடு என்றால் உண்டு. ஷேட் கார்டில் இரண்டு விரல் அகலத்துக்குப் பார்த்த நிறம், நாற்பதடிச் சுவரில் பல மடங்கு அழுத்தமாகத் தெரியும். கார்டில் பிடித்ததைவிட இரண்டு படி வெளிறியதை எடுங்கள். சின்ன டப்பா வாங்கிச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி அடித்து, காலை வெயிலிலும் மாலையிலும் பாருங்கள். பளிச்சென்ற நிறங்கள் பல சீக்கிரம் வெளுக்கும், அதுவும் தெற்கும் மேற்கும் முதலில். பிறகு ஒரே வீடு இரண்டு நிறத்தில் நிற்கும். மேற்குச் சுவருக்கு அடர்நிறம் அடித்தால் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் அனல் கக்கும்.

இதற்கு எதிர்க்கட்சியும் ஒன்று இப்போது கிளம்பியிருக்கிறது: உள்ளும் வெளியும் எல்லாமே சாம்பல். வெயில் கொளுத்தும் ஊரில் கிளிப்பச்சை வீட்டையாவது ஆட்டோக்காரருக்கு அடையாளம் சொல்லலாம்.

முகப்பில் ஏசிபி தகடு ஒட்டலாமா?

தனி வீட்டுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஓர் அடுக்கு வைத்தது அது. மலிவான வகையில் அந்த நடு அடுக்கு பாலிஎத்திலீன், எரியும் பிளாஸ்டிக். லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று பற்றி 72 பேரைப் பலிகொண்ட தீ, அந்த வகைத் தகடு வழியாகத்தான் வெளிச்சுவரில் மளமளவென்று பரவியது. ஏசி வெளி யூனிட்டும் மின்சார மீட்டரும் இருக்கும் முகப்பில் இதை ஒட்டுவானேன்? ஒட்டியே தீர வேண்டும் என்றால் தீ தாங்கும் தாது நிரப்பிய நடு அடுக்கு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அது போக, வீடு செல்போன் ஷோரூம் மாதிரி தெரியும் என்பது தனிக் குறை.

பாத்ரூமில் கறுப்புக் குழாயும் கண்ணாடித் தடுப்பும் ஹோட்டலில் நன்றாக இருக்கிறதே?

ஹோட்டலில் தினமும் ஒருவர் வந்து துடைக்கிறார். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் படியும். குரோம் குழாயில் அது அவ்வளவாகத் தெரியாது, கறுப்பில் பளிச்சென்று தெரியும். கண்ணாடியோ ஒரே மாதத்தில் பனி படர்ந்தது போலாகிவிடும். குளித்து முடித்ததும் ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்துவிடும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வருமா? வராது என்றால் பாதிச் சுவர் கட்டி டைல்ஸ் ஒட்டுங்கள். படிந்த உப்புக்கு வினிகரோ எலுமிச்சையோ போதும். டாய்லெட் ஆசிட்டைக் குழாயில் ஊற்றினால் பூச்சு உரியும்.

பழைய ஷோகேஸை உடைத்துவிடலாமா?

எதற்கு? கண்ணாடிக் கதவு இருப்பதால் தூசி உள்ளே போவதில்லை. இப்போது "ஓப்பன் ஷெல்ஃப்" என்று விற்கும் பலகைகளைவிட ஆயிரம் மடங்கு புத்திசாலித்தனமான அமைப்பு அது. கண்ணை உறுத்துவது அலமாரி இல்லை, உள்ளே அடைந்து கிடக்கும் பிளாஸ்டிக் பூவும், யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த கடிகாரமும்தான். பாதியைக் காலி செய்து, உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு வையுங்கள்.

பூஜை அறையில் பின்னால் விளக்கு எரியும் வெள்ளைப் பலகை போடுகிறார்கள். சரிதானா?

ஆறு மாதத்துக்குச் சரி. எண்ணெய் விளக்கின் கரி, கற்பூரப் புகை, குங்குமம் மூன்றையும் அந்தப் பலகை தாங்காது. எம்டிஎஃப் என்னும் அழுத்திய மரநார்ப் பலகையில் மெஷினால் குடைந்த ஓம், தாமரை வேலைப்பாட்டின் ஒவ்வொரு ஓட்டையிலும் எண்ணெய்ப் பிசுக்கு இறங்கும், ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க எம்டிஎஃப் உப்பும். பின்சுவருக்குக் கிரானைட்டும், கதவுக்குத் தேக்குச் சட்டத்தில் மணி கோத்ததும் போதும். புகை போகச் சின்ன ஜன்னல் வேண்டும். விளக்குக்கு நேர் மேலே தாழ்ந்த மரத்தட்டு இருக்கக் கூடாது.

இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த ஹால்?

இருபதடி உயரத்தில் ஒட்டடை அடிப்பது யார், பல்பு மாற்றுவது யார், ஏசி பில் கட்டுவது யார் என்று மூன்று பெயரை எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

மொட்டை மாடியில் செயற்கைப் புல்?

மதியம் செருப்பில்லாமல் நின்று பாருங்கள்.

"என்னைப் பார் யோகம் வரும்" கழுதைப் படம், திருஷ்டிப் பொம்மை, காம்பவுண்ட் சுவரில் சாமி டைல்ஸ் இவற்றையெல்லாம் எடுத்துவிடச் சொல்கிறான் மகன்.

மூன்றும் ஒன்றல்ல. காம்பவுண்ட் சுவரில் சாமி டைல்ஸ் அலங்காரமே இல்லை, அது காவல். யாரும் சுவரை நனைக்கக் கூடாது என்று பதித்தது. தெரு விளக்கும் பக்கத்தில் பொதுக் கழிப்பறையும் வந்தால் எடுத்துவிடலாம். திருஷ்டிப் பொம்மை வாசலுக்கு மேல் மாடிப் பக்கம் இருக்கட்டும், உள்ளே வருகிறவர் கண்ணில் படாது. கழுதைப் படம் விஷயத்தில் நான் கழுதைகள் பக்கம். சிரிக்க வைக்கிறது, இடத்தை அடைக்கவில்லை. ஹாலில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மாட்டிய ஏழு குதிரைப் படத்தைப் பற்றி மகன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

வேலைக்குக் கொட்டேஷன் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

"நல்ல பிளைவுட்" என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். சிங்க் அடியிலும் ஈரம் படும் இடங்களிலும் ஐஎஸ் 710 (ஐஎஸ் என்பது இந்தியத் தர எண்) மரைன் பிளை வேண்டும். படுக்கையறை அலமாரிக்கு ஐஎஸ் 303 போதும். துகள் பலகை ஈரம் பட்டால் ஊதும், ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளாது. வாடகை வீட்டில் மேசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படிக்கட்டுக் கைப்பிடிக்கு 304 தர ஸ்டீல் என்று எழுதி வாங்குங்கள். அதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், விலை குறைவு. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரக் காற்றில் 202 சீக்கிரம் துருப்புள்ளி விடும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்கலாம் என்பார்கள். அந்தச் சோதனை இதற்கு உதவாது. இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது.

எல்லாம் செய்து முடித்தாயிற்று. உடைக்காமல் சரி செய்ய முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

பல்பிலிருந்து. மலிவான மாற்றம், அன்று ராத்திரியே வித்தியாசம் தெரியும். அடுத்து வழுக்கும் பாத்ரூம். டைல்ஸை உடைக்காமலே பிடிப்புக் கொடுக்கும் திரவப் பூச்சு கிடைக்கிறது. ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டு முழுதும் போடுங்கள், சிலவற்றில் பளபளப்பு மங்கும். கூடவே கைப்பிடிக் கம்பி ஒன்று பொருத்திவிடுங்கள். வால்பேப்பர் ஒட்டிய சுவரில் கீழ் மூலையைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் அப்படியே ஒட்டிவிடலாம், பிசுபிசுத்தால் முழுதையும் எடுத்துவிட்டு ஒரு கோடை சுவரைக் காயவிட வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங்கை எடுப்பதானால் கடைசியில் வையுங்கள். கழற்றும் கூலி கொஞ்சம்தான். ஆனால் மேலே தொங்கும் வயர்களுக்குப் புதுப் பாதை, தளத்தில் போட்ட நூற்றுக்கணக்கான ஆணி ஓட்டைகளை அடைக்கப் பட்டி, ஃபேன் கம்பி, அறை முழுக்க பெயின்ட் என்று பின்னால் ஒவ்வொன்றாக வரும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள், குப்பை அள்ளும் லோடு வண்டி உட்பட.